தன் நூலுக்குத் தானே சான்று

ஒரு நூலுக்குப் பாயிரம் செய்யும் உரிமையை நன்னூலார் அந்நூலை இயற்றியவனுக்குக் கொடுக்கவில்லை. அவனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்குத் தக்கவாறு உரை கண்டவன் ஆகிய நால்வருள் ஒருவரே அதைச் செய்தல் வேண்டும் என்பது பவணந்தி முனிவரின் துணிவு. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் பயின்றவர் என்பது மரபு. நூலாசிரியன் தன் நூலை அறியான் என்று கருதி இவ்விதி வகுக்கப்படவில்லை. அவன் அறிவான், எவரினும் நன்றாக அறிவான். ஆயினும் தனக்காகத் தானே பேசுகிறவனின் சொல்லை உலகம் சற்றே ஐயத்தோடுதான் கேட்கும். அந்த உலக இயல்பை அறிந்தே இவ்விதி எழுந்தது.

இப்பழைய விதி இன்று கணினித் திரையில் புது வடிவில் வந்து நிற்கிறது. 2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தை நம் வாசகர் பலரும் அறிவர். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பதே அதன் பெருமை. ஆனால் ஒரு கட்டுரை எவரைப் பற்றியதோ, எவருடைய படைப்பைப் பற்றியதோ, அவர் மட்டும் நேரே அதில் கைவைக்காதிருப்பதே முறை என்று அது அறிவுறுத்துகிறது. நூல் எழுதியவராயினும், பாட்காஸ்ட் எனப்படும் வலையொலித் தொடரை நடத்துகிறவராயினும், தம் படைப்பைக் குறித்துப் பிழை கண்டால், அக்கட்டுரைக்குரிய பேச்சுப் பக்கத்தில் தாம் இன்னார் என வெளிப்படுத்தித் திருத்தத்தை வேண்டிக்கொள்ள வேண்டும். தொடர்பில்லாத தன்னார்வலர் ஒருவர் அதை ஆராய்ந்து, வெளிச்சான்று இருப்பின் ஏற்பார், இல்லையெனில் மறுப்பார்.

படைத்தவனே தன் படைப்பைக் குறித்து மனுக்கொடுத்து நிற்பது நீதியா? இவ்வினாவை இலக்கிய உலகில் உரக்க எழுப்பியவர் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத். 2012 செப்டம்பரில் 'தி நியூயார்க்கர்' இதழின் இணையப் பக்கத்தில் விக்கிப்பீடியாவுக்கு அவர் ஒரு திறந்த மடல் வரைந்தார். அதை அந்நாளில் பலர் வேடிக்கையாகவே படித்தனர். எழுத்தாளரின் உரிமை, வாசகரின் உரிமை, உண்மையின் உரிமை ஆகிய மூன்றும் அதில் மோதுகின்றன. ஆதலின் அம்மடலை ஓர் இலக்கியப் பனுவலாகவே எடுத்துக்கொண்டு திறனாய்வது தகும்.

மடலின் வழக்கு

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ராத்தின் நாவல் 'தி ஹியூமன் ஸ்டெய்ன்'. 'மனிதக் கறை' என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். கோல்மன் சில்க் என்னும் முதிய பேராசிரியர் தம் வகுப்புக்கு ஒருநாளும் வராத இரு மாணவரைக் குறித்து, இவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா, அல்லது 'ஸ்பூக்ஸ்' தாமோ என்று கேட்கிறார். பேய், ஆவி என்பதே அவர் கருதிய பொருள். ஆனால் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் பழைய வசைப்பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அவர் கண்ணாலும் கண்டிராத அவ்விருவரும் கறுப்பினத்தவர். அதனால் இனவெறியர் என்ற பழி அவர்மேல் விழுகிறது, பதவி போகிறது, அந்தப் போராட்டத்தினிடையே மனைவியும் மாண்டுபோகிறார்.

இந்த நாவல் அனடோல் ப்ராயர்ட் என்பவரின் வாழ்க்கையினால் தூண்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது என்று விக்கிப்பீடியாக் கட்டுரை குறித்திருந்தது. ப்ராயர்ட் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் பல்லாண்டு நூல் மதிப்புரை எழுதியவர், 1990இல் மறைந்தவர். தம் கறுப்பின வழிமரபை வெளிக்காட்டாமல் வெள்ளையராகவே வாழ்ந்த அவருடைய வரலாற்றை, ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 1996இல் 'தி நியூயார்க்கர்' இதழில் விரிவாக எழுதியிருந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ராத்தின் நாவல் வந்தபோது மதிப்புரையாளர் சிலர் இரண்டையும் இணைத்துப் பார்த்தனர். அந்த இணைப்பே கலைக்களஞ்சியத்திலும் ஏறியது.

ராத் தம் சார்பில் ஒருவர் வழியாகத் திருத்தம் கேட்டார். தம் படைப்பைப் பற்றிய தலைசிறந்த அதிகாரி அதன் ஆசிரியரே என்பது புரிகிறது, ஆயினும் வேறு சான்றுகள் தேவை என்பதாக மறுமொழி வந்தது என்று அவர் தெரிவிக்கிறார். அந்த மறுமொழியே மடலுக்குக் காரணம்.

மடலின் முற்பகுதி வலிமை வாய்ந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்த தம் நண்பர் மெல்வின் டூமின் வாழ்வில் 1985இல் நேர்ந்ததை ராத் எடுத்துரைக்கிறார். வகுப்புக்கு வராத இரு மாணவர், அதே வினா, அதே சொல், அதே பழி. இன உறவுகளை ஆய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் பல மாதங்கள் விசாரணையில் உழன்று, இறுதியில் குற்றமற்றவராக வெளிவந்தார். இதுவே தம் நாவலின் வித்து என்கிறார் ராத். இங்கே அவர் அறிந்ததைச் சொல்கிறார். அவரன்றி வேறெவரும் இதை இத்துணை உறுதியாகச் சொல்லியிருக்க இயலாது. ஒரு கதை எந்த வித்திலிருந்து முளைத்தது என்பதற்கு அதை விதைத்தவனே முதற்சாட்சி.

பிற்பகுதிக்கு அதே வலிமை இல்லை. ப்ராயர்டைத் தாம் ஏறத்தாழ அறியாதவர் என்பதை நிறுவ அவர் அடுக்கும் விவரங்கள் பல. இருவரும் எப்போதேனும் தற்செயலாகச் சந்தித்ததைத் தவிர வேறு தொடர்பில்லை என்பதும், அவருடைய குடும்பத்தார் எவரையும் தமக்குத் தெரியாது என்பதும் அவற்றுள் சில. சொல்லச் சொல்ல, சாட்சி கூண்டிலிருந்து இறங்கி நீதிபதியின் இருக்கைக்குப் போவதைக் காண்கிறோம். 'நான் ப்ராயர்டை எண்ணி எழுதவில்லை' என்பது சாட்சியம். 'ஆகவே வாசகர் ப்ராயர்டை நினைப்பதற்கே இடமில்லை' என்பது தீர்ப்பு. முதலாவதைச் சொல்ல ஆசிரியருக்கு முழு உரிமை உண்டு, இரண்டாவதற்கு இல்லை. நிறத்தை மறைத்து வாழ்ந்த ஓர் அறிஞரின் கதையைப் படிக்கிறவர், அதே காலத்தில் அதே வகையில் வாழ்ந்த மற்றோர் அறிஞரை நினைவுகூர்வது இயல்பு. நினைவுகூர்ந்ததை எழுதுவது திறனாய்வாளரின் தொழில். அவர்கள் செய்த பிழை, ஒப்புமையைத் தோற்றுவாயாக மாற்றியதுதான். 'இதனை ஒத்திருக்கிறது' என்பதற்கும் 'இதிலிருந்து பிறந்தது' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அவர்களும் கவனிக்கவில்லை. ராத்தும் சினத்தில் கவனிக்கத் தவறினார்.

நாவலே எதிர்ச்சாட்சி

அம்மடலுக்கு மிக வலுவான மறுப்பை நான் வேறெங்கும் தேடவில்லை. அது ராத்தின் நாவலிலேயே இருக்கிறது.

கறுப்பினத்தாரை இழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கோல்மன் சில்க், உண்மையில் கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர். வெளிர்ந்த நிறம் துணைசெய்ய, இளமையிலேயே தாயையும் உடன்பிறந்தாரையும் துறந்து, யூதராகத் தம்மைக் காட்டிக்கொண்டு வாழ்ந்தவர். மனைவியும் அறியார், மக்களும் அறியார். தம்மேல் விழுந்த பழியைத் துடைக்கத் தாமே ஒரு நூல் எழுத முற்படுகிறார். எழுதியும் அது தேறாது எனக் கைவிடுகிறார். எப்படித் தேறும்? தம்மைப் பற்றி அறிய வேண்டிய முதன்மையான உண்மையை அவரே மறைத்து வைத்திருக்கும்போது, அவர் எழுதும் தன்விளக்கம் எவ்வளவு நேர்த்தியாயினும் குறையுடையதே.

அவர் இறந்தபின் உண்மை எப்படி வெளிவருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இறுதிச் சடங்குக்கு வரும் அவருடைய தங்கை எர்னஸ்டீன் சொல்லித்தான், கதைசொல்லியாகிய சுக்கர்மன் அதை அறிகிறார். கோல்மனின் கதையை எழுதுகிறவரும் கோல்மன் அல்லர், சுக்கர்மன்தான். தன் வாழ்வின் ஒரே அதிகாரி தானே என்று நம்பிய ஒருவனுடைய உண்மை, பிறர் வாயிலாகவே நிலைபெறுகிறது. நன்னூலார் சொன்ன உடன்கற்றோன் போல, இங்கே உடன்பிறந்தாள் பாயிரம் சொல்கிறாள்.

இப்படி ஒரு நாவலை எழுதிய கலைஞர், ஆசிரியன் சொல்லே முடிந்த முடிபு என்று வாதாடும்போது, அவருடைய கலை அவருடைய வாதத்தினும் பெரியதாக நிற்கிறது. ராத் பொய் சொன்னார் என்பது என் கருத்தன்று. டூமினைக் குறித்த அவருடைய கூற்றை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் உண்மை சொல்லும் ஆசிரியரையும் உண்மையை மறைக்கும் ஆசிரியரையும் வெளியிலிருந்து பார்ப்பவன் எப்படிப் பிரித்தறிவான்? இருவரும் ஒரே குரலில்தான் பேசுவர். அதனால்தான் மற்றொரு சான்று கேட்கப்படுகிறது.

விதி எதனால் வந்தது

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வலையொலியின் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 'பாட்காஸ்ட்' என்ற சொல்லை 2005ஆம் ஆண்டின் சொல்லாக நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி அறிவித்தது. அக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறவர் ஆடம் கர்ரி. அதே ஆண்டின் இறுதியில், வலையொலியைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையிலிருந்து கெவின் மார்க்ஸ் என்னும் மற்றொருவரின் 2003ஆம் ஆண்டுப் பங்களிப்பைக் குறித்த செய்தி நீக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. நீக்கியவர் பெயர் குறிப்பிடவில்லை. ஆயினும் ஒவ்வொரு மாற்றத்தையும் கலைக்களஞ்சியம் தன் வரலாற்றுப் பக்கத்தில் பதிந்து வைப்பதால் தடம் கிடைத்தது. அம்மாற்றத்தைச் செய்தது தாமே என்று கர்ரி ஒப்புக்கொண்டார். அச்செய்தி சரியானதன்று எனத் தாம் எண்ணியதாக விளக்கமும் தந்தார்.

விக்கிப்பீடியாவின் நிறுவனர் ஜிம்மி வேல்ஸும் இதற்கு விலக்காகவில்லை. தம்மைப் பற்றிய கட்டுரையை அவர் 18 முறை மாற்றியிருந்தார் என்பதும், லாரி சாங்கரை இணை நிறுவனராகக் குறிக்கும் சொற்கள் அம்மாற்றங்களில் நீக்கப்பட்டிருந்தன என்பதும் 2005 டிசம்பரில் செய்தியாயின. அப்படிச் செய்தது நன்றன்று என்று வேல்ஸே பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

இவர்களைத் தீயவர் என எண்ணத் தேவையில்லை. தத்தம் நினைவில் உள்ளதை நேர்மையாகவே எழுதியிருக்கலாம். ஆயினும் இரண்டு நிகழ்ச்சிகளிலும் அழிந்தது மற்றொருவரின் பெயர். தன் கதையைத் தானே திருத்துகிறவன் பெரும்பாலும் தன்னை மிகைப்படுத்துவதில்லை. பக்கத்தில் நின்றவனை விட்டுவிடுகிறான். ஒரு வலையொலித் தொடரை இருவர் சேர்ந்து தொடங்கியிருக்கலாம். ஓராண்டில் ஒருவர் விலகியிருக்கலாம். எஞ்சியவர் 'தொடங்கியவன் நான் ஒருவனே' என்று திருத்தம் கேட்டால், விலகியவருக்காகப் பேச அங்கே யார் இருப்பார்? வெளிச்சான்று கேட்கும் விதியே பேசும். அவ்விதி அவையில் இல்லாதவனின் வழக்கறிஞர்.

விதியின் குறை

அப்படியானால் ராத்தின் சினம் வீணா? அன்று. விதிக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. அதை அம்மடல் சரியாகவே சுட்டியது.

வெளிச்சான்று என்பது பெரும்பாலும் அச்சில் வந்த சொல். ஒரு மதிப்புரையாளர் தம் ஊகத்தை அச்சிடுகிறார்; அடுத்தவர் அதை எடுத்தாள்கிறார்; மூன்றாவதாகக் கலைக்களஞ்சியம் இருவரையும் சான்று காட்டுகிறது. மூன்று இடங்களில் காணப்பட்டாலும் அது ஒரே ஊகம். அறிந்தவனின் வாய்ச்சொல் தள்ளப்பட்டு, அறியாதவனின் அச்சுச்சொல் ஏற்கப்படுகிறது. அச்சேறியதெல்லாம் மெய்யென்று கொள்வதும் ஒருவகை மூடநம்பிக்கையே.

இன்னும் கொடிய நிகழ்ச்சிகளும் உண்டு. இதழாளர் ஜான் சைகன்தாலர் ராபர்ட் கென்னடியின் உதவியாளராக இருந்தவர். அவருடைய பேழையைச் சுமந்தவர்களுள் ஒருவர். அவரையே கென்னடி சகோதரர் கொலைகளோடு தொடர்புபடுத்திப் பெயரிலி ஒருவர் 2005 மே மாதத்தில் எழுதிய பொய், நான்கு மாதங்களுக்கு மேல் விக்கிப்பீடியாவில் அப்படியே நின்றது. அவர் அவ்வாண்டு நவம்பர் 29 அன்று 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழில் தம் வேதனையை எழுதிய பிறகே உலகம் விழித்தது. உயிரோடிருப்பவரைப் பற்றி ஆதாரமின்றி எழுதப்பட்ட பழியை உடனே நீக்க வேண்டும் என்ற கடுநெறி அதன் விளைவாகவே வலுப்பெற்றது. ஒரு பொய்யை நீக்கக் கேட்பவன், அதைப் பொய்யென நிறுவும் சுமையையும் தானே சுமக்க வேண்டியதில்லை. எழுதியவனே ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவன். புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கேட்பதும், ஆதாரமற்ற ஒன்றை நீக்கக் கேட்பதும் வெவ்வேறு வழக்குகள். ராத்தின் வழக்கு இரண்டுக்கும் இடைப்பட்டது. ஏனெனில் ப்ராயர்டைப் பற்றிய கூற்றுக்கு அச்சில் ஆதாரம் இருந்தது, ஆனால் அந்த ஆதாரம் ஊகமாக இருந்தது.

மற்றொரு நெருடலும் உண்டு. ராத்தின் மடல் புகழ்பெற்ற இதழின் வாயிலாக வந்தவுடன், அதுவே மேற்கோள் காட்டத்தக்க சான்றாயிற்று; கட்டுரையும் மாற்றப்பட்டது. நாவலைத் தொடங்கிப் பல மாதங்களுக்குப் பின்னரே ப்ராயர்டின் வழிமரபு தமக்குத் தெரியவந்தது என்று 2008இல் ஒரு நேர்காணலிலும் அவர் சொல்லியிருந்தார். ஆகவே அவருக்கு வாயில் திறந்தே இருந்தது. சைகன்தாலருக்கும் ஒரு நாளிதழ் இடம் கொடுத்தது. ஆனால் தன் வீட்டு அறையில் ஒலிவாங்கியின்முன் அமர்ந்து, சில நூறு பேருக்காக வாரந்தோறும் பேசுகிற ஒருவருக்கு எந்த இதழ் இடம் தரும்? அவர் பெயரும் தொடரும் பிழையாகப் பதிவாகியிருந்தால், அவருக்கு இருப்பது பேச்சுப் பக்கத்தில் வைக்கும் அந்த வேண்டுகோள் ஒன்றே. பெரியோருக்குப் பல கதவுகள். சிறியோருக்கு ஒரே சாளரம். அச்சாளரத்தை மூடாமல் வைத்திருப்பது தன்னார்வலரின் கடமை. அதன்முன் உண்மையோடு நிற்பது கேட்பவரின் கடமை.

கேட்கும் முறை

எப்படி நிற்பது? நன்னூலார் இங்கேயும் வழிகாட்டுகிறார். தற்புகழ்ச்சியை விலக்கிய அவரே நான்கு இடங்களில் அதற்கு இசைவு தருகிறார். அரசன் அவைக்கு ஓலை வரையும்போதும், தன் ஆற்றலை உணராதவரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் பற்றிப் பேசலாம். பழி நேர்ந்தவிடத்தும் வாய் திறவாதிருப்பது அடக்கமாகாது என்பதே இதன் கருத்து. ராத் பேசியது இந்த இசைவுக்கு உட்பட்டதே. ஆனால் பேச இசைவு உண்டு என்பதனால், பேசியவன் சொல்லே தீர்ப்பு என்றாகிவிடாது.

வலையொலி நடத்துகிறவர், தொடர் எந்த நாளில் தொடங்கிற்று, எத்தனை பகுதிகள் வந்தன, யார் யார் பேசினர், பெயரின் சரியான எழுத்து எது என்பன போன்றவற்றைத் தம் தொடரையே சான்றாகக் காட்டிக் கேட்கலாம். தம்மைப் பற்றிய இத்தகைய எளிய விவரங்களுக்குத் தம் சொல்லையே ஏற்க அக்கலைக்களஞ்சியத்தின் நெறியிலும் இடம் உண்டு. தொடர் சிறந்தது, முதன்மையானது, பலரும் விரும்புவது என்பவற்றைப் பிறர் எழுதும் வரை பொறுத்திருக்க வேண்டும். மற்றொருவரைப் பற்றிய செய்தியாயின், தம் சொல்லைச் சான்றாக்கவே கூடாது. குறைகூறிய மதிப்புரையை நீக்கச் சொல்வதும் திருத்தமாகாது. தாம் யார் என்பதை மறைத்துக்கொண்டு எதையும் கேட்கலாகாது. மறைத்துக் கேட்ட உண்மையும் பிற்பாடு பொய்போலவே பார்க்கப்படும்.

தம் நூல்களைத் தாமே திருத்திய பேராசிரியர் ஒருவர் நம் மரபில் உண்டு. புனித அகுஸ்தீனார் கி.பி. 427ஆம் ஆண்டளவில், முதுமையில், தாம் எழுதிய 93 நூல்களை வரிசையாக எடுத்து மறுபார்வை செய்து 'ரெத்ரக்தாத்ஸியோனெஸ்' என்னும் நூலை இயற்றினார். பரவிவிட்ட ஏடுகளில் எதையும் அவர் சுரண்டி அழிக்க முயலவில்லை. இன்ன இடத்தில் இப்படி எழுதினேன், இப்படிக் கொள்க என்று தனியே எழுதிப் பழைய நூல்களின் அருகில் வைத்தார். படிப்பவன் இரண்டையும் பார்த்துத் தானே முடிவு செய்யட்டும் என்று விட்டார். திருத்தம் கேட்பதன் மிகச் சிறந்த வடிவம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

ராத் 2018 மே 22 அன்று மறைந்தார். அவருடைய மடலில் டூமினைப் பற்றிய பகுதி, ஒரு நாவலின் பிறப்பைக் குறித்த அரிய ஆவணமாக நிலைத்திருக்கும். ப்ராயர்டைப் பற்றிய பகுதி, வாசகரோடு நடத்திய ஒரு பிணக்காகவே மிஞ்சும். இன்று அந்தக் கலைக்களஞ்சியக் கட்டுரையைத் திறப்பவர், மதிப்புரையாளர் கருதியதையும் ஆசிரியர் மறுத்ததையும் அருகருகே காண்கிறார். ராத் கேட்டது இதுவன்று. அவர் ஒன்றை அழிக்கச் சொன்னார். கிடைத்ததோ அவர் கேட்டதினும் நல்லது. அறிந்தவனின் சாட்சியம் பதிவாயிற்று. பிறர் கண்டதும் அழியவில்லை.